எலி அறை முத்தாயி

என் தங்கை முத்தாயி ஏற்காட்டில் பதினெட்டு வருடம் வெள்ளை எலி வளர்த்தாள். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் கிடையாது.

“எலி வளக்கறதுக்கு சர்க்காருல சம்பளமா? எங்கூட்டுக் குதிருல வேணுங்கற மட்டும் கெடக்குது. வந்து புடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லு” என்பார்கள்.

“உங்கூட்டு எலிக்கு ஒழுக்கம் பத்தாது” என்பாள் முத்தாயி. பிறகு அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் வளர்த்த எலிகளை வைத்துத்தான் இந்த மலையில் மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் வந்த பல நோய்கள் இன்னதென்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த டாக்டர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். முத்தாயியைப் பற்றி எழுத நான் ஒருத்திதான். என் பெயர் கண்ணம்மாள். எட்டாவது வரை படித்தேன். அவள் ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாங்கள் கரடியூரில் பிறந்தவர்கள். அப்பாவுக்குச் சாமை விளையும் மேட்டு நிலமும் கொஞ்சம் காப்பிச் செடியும் ஆரஞ்சு மரங்களும் இருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரஞ்சு மரங்கள் ஒவ்வொன்றாக இலை மஞ்சளித்துப் பட்டுப்போயின. மரத்துக்கு வந்தது வைரஸ் நோய் என்று சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். மரத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் வாழவந்தி போகும் ரோட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைப் பிடித்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். எனக்கு அதில் பாட்டில் கழுவும் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் முத்தாயிக்கு எலி அறையில் வேலை வாங்கிக் கொடுத்தேன்.

கட்டடம் ஒன்று, ஆபீஸ் மூன்று. காய்ச்சல் பிரிவு மனிதர்களுக்கு வரும் வைரஸ் நோய்களைப் பார்த்தது. கால்நடைப் பிரிவு மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருவதைப் பார்த்தது. ஆரஞ்சுப் பிரிவு மரத்துக்கு வருவதைப் பார்த்தது. விலை அதிகமான சாமான்களை மூன்று பேருக்கும் தனித்தனியாக வாங்க முடியாது என்று எல்லாவற்றிலும் ஒன்று வாங்கி நடுக் கூடத்தில் வைத்தார்கள். டீப் ஃப்ரீசர் ஒன்று. ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைக்கும் மெஷின் ஒன்று. ஜெனரேட்டர் ஒன்று. இருட்டு அறையில் வைத்துப் பார்க்கும் விசேஷ மைக்ராஸ்கோப் ஒன்று; அதில் நோய்க்கிருமி இருக்கும் இடம் பச்சையாக மின்னும் என்பார்கள். எல்லாவற்றின் மேலும் சிவப்புப் பெயிண்டில் ‘பொது’ என்று எழுதியிருந்தது. எலி அறையும் பொது, பாட்டில் கழுவும் அறையும் பொது. நானும் முத்தாயியும்கூடப் பொதுதான்.

பொது என்று எழுதிய சாமான் ஓடுகிற வரைக்கும் மூன்று பேருக்கும் சொந்தம். நின்றுபோனால் ஒருவருக்கும் சொந்தமில்லை. இது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

எலி வளர்ப்பது சோறு போட்டு மூடி வைக்கிற வேலை இல்லை. டாக்டர்களுக்கு வேண்டியது பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குட்டிகள். மயிர் முளைக்காமல், கண் திறக்காமல், ரோஸ் நிறத்தில் சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்டதைக் கரைத்து அதன் மூளைக்குள் மெல்லிய ஊசியால் ஏற்றிவிட்டுத் தாயிடமே திரும்ப விட வேண்டும். நோய் இருந்தால் சில நாளில் குட்டி நடுங்கும், பால் குடிக்காது, சாகும். அதுதான் பதில். அதுவரை தாய் குட்டிகளை வைத்து வளர்க்க வேண்டும்.

தாய் எலிக்குப் பழக்கமில்லாத வாசனை வந்தால் அது குட்டிகளைத் தின்றுவிடும். வேறு காரணமே வேண்டாம். அதனால் எலி அறைக்குள் போகிறவள் பூ வைக்கக் கூடாது. மஞ்சள் பூசக் கூடாது. வாசனை சோப்பு, பவுடர், சீயக்காய், சாம்பிராணி எதுவும் கூடாது. வெறும் தண்ணீரில் குளித்து, உள்ளே போனதும் கூண்டில் கிடக்கும் பழைய மரத்தூளை எடுத்துக் கையிலும் முழங்கையிலும் தேய்த்துக்கொண்டுதான் குட்டியைத் தொட வேண்டும். முத்தாயி இதைக் கடைசி வரை அப்படியே செய்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவன் காலத்தில் பாதிக் குட்டிகள் தாய் வயிற்றுக்குள் போயின. இவள் வந்த பிறகு மூன்று வருடம் ஒரு ஈற்றுக் குட்டிகள்கூட வீணாகவில்லை. டாக்டர் தேவசிகாமணி மற்ற இடங்களிலிருந்து வருகிறவர்களிடம் அவளைக் காட்டி, “இவங்கதான் எங்க எலி ரூம்” என்பார். காய்ச்சல் பிரிவுக்குப் பெரியவர் அவர். பாளையங்கோட்டைக்காரர். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார்.

வேலைக்கு வந்த மறு வருடம் முத்தாயியை வாழவந்தியில் பொன்னுவேலுக்குக் கட்டிக் கொடுத்தோம். அவர் எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களின் கிளை கழிக்கிறவர். மரத்தின் மேல் நின்றுகொண்டே பாட்டுப் பாடி, கீழே களை எடுக்கும் பெண்களைக் கேலி செய்கிற ஆள். முத்தாயியின் வேலை அவருக்குப் பெரிய தமாஷ்.

“ஏ முத்தாயி, உன்ர மக்கமாரெல்லாம் சௌக்கியமா? எனக்கொரு புள்ளை பெத்துக் குடுக்கறதுக்குள்ள அங்க எரநூறு பெத்துட்டயே!”

மாமியார் கிருஷ்ணம்மாளுக்கு அது தமாஷாக இல்லை. ஒரே மகன். அவன் பெண்டாட்டி பூவில்லாத தலையும் மஞ்சளில்லாத முகமுமாகக் காலையில் ஊரைக் கடந்து பஸ்ஸுக்குப் போகிறாள்.

“எம் மவன் கல்லாட்டம் உசுரோட இருக்கறான். நீ தாலியறுத்தவளாட்டம் போறயே, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“எலிக்கு ஆகாதுங்க அத்தை.”

“எலிக்கு ஆகாது, எலிக்கு ஆகாது! எம் மவனுக்கு ஆகுமான்னு ஒரு நாளாச்சும் நெனச்சயா?”

முத்தாயி சாயந்திரம் வீடு திரும்பியதும் பூ வைத்துக்கொண்டு, படுக்கப் போகுமுன் எடுத்துவிட்டுத் தலையை அலசுவாள். குளிர்காலத்திலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகூட எலிக்குச் சோறு வைக்க வேண்டும் என்பதால் அவளுக்குப் பூ வைத்து விடிகிற நாளே இல்லை.

எழுபத்தெட்டாம் வருடம் ஆனி மாதக் கடைசியில் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் ஒரு நாய் புகுந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. டீ குடிக்க உட்கார்ந்திருந்த பொன்னுவேலின் மேல் பாய்ந்து, தாடையிலும் தடுத்த கையிலும் கடித்தது. கூட இருந்தவர்கள் கடப்பாரையாலும் கல்லாலும் அதன் தலையிலேயே போட்டுக் கொன்றார்கள். தலை கூழாகிவிட்டது.

முத்தாயிக்கு ஆள் போய்ச் சொன்னதும் அவள் முதலில் கேட்டது புருஷனை. அடுத்துக் கேட்டது நாயின் தலையை. புதைத்த குழியைத் திரும்பத் தோண்ட வைத்து, தலையை எண்ணெய் டின்னில் போட்டு, சாக்குச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர், “என்ன கறியா அக்கா?” என்று கேட்டதற்கு, “ஆமா, வேணுமா?” என்றாளாம்.

டாக்டர் தேவசிகாமணி டின்னைத் திறந்து பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். மூளை, எலும்பு, மண் எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் மத்தியானம் முழுக்கப் பார்த்தார். இப்படிச் சிதைந்துபோனதில் வெறிநோய் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். இருட்டு அறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அன்று சாயந்திரமே தெரிந்துவிடும். ஆனால் அதன் விளக்கு சித்திரையிலேயே அவிந்துபோயிருந்தது. கடைசியாக எரித்தவர்கள் ஆரஞ்சுப் பிரிவு, அவர்கள்தான் வாங்க வேண்டும் என்றது காய்ச்சல் பிரிவு. மூன்று வருடமாக எரித்தவர்கள் எல்லோரும்தான் என்றது ஆரஞ்சுப் பிரிவு. எங்களுக்கு அந்த மைக்ராஸ்கோப்பே தேவையில்லை என்றது கால்நடைப் பிரிவு. விளக்கு வரவில்லை.

“இனி எலிதான். ஆனா அதுக்குக் காத்திருக்க வேண்டாம். கடி முகத்துல இருக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரியில ஊசி ஆரம்பிக்கச் சொல்லுங்க. எலி ஒண்ணும் இல்லைன்னு சொன்னா நடுவுல நிறுத்திக்கலாம்” என்றார் டாக்டர்.

அந்தக் காலத்து நாய்க்கடி ஊசி தொப்புளைச் சுற்றிப் பதினாலு. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. ஆயிரத்தில் ஒருவருக்கோ என்னவோ அதனாலேயே கை கால் விழுந்துபோகும். அந்த ஆயிரத்தில் ஒருவர் பொன்னுவேலின் சித்தப்பா மூக்கன். வாழவந்தி பஸ் நிற்கும் இடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தபடி இருப்பார். அவரைக் கடித்த நாய் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

“நாய் நல்ல நாய், ஊசி வெறி புடிச்ச ஊசி” என்று அவரே சொல்லிக்கொள்வார்.

பொன்னுவேல் ஊசிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முத்தாயி காலில் விழுந்தாள். நானும் போய்ச் சொன்னேன். பெண்டாட்டியின் அக்கா என்பதால் என்னை அவர் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்.

“ஏனுங்க நங்கையா, மரத்து மேல நிக்கறவன் நான். காலு போனா எனக்கு என்ன மிச்சம்? உங்க தங்கச்சி எலி சொல்லட்டும். நாய்க்கு வெறின்னு சொல்லுச்சுன்னா அன்னிக்கே மொதப் பஸ்ஸுல வந்து படுத்துக்கறேன். வவுத்துல பதினாலு என்ன, நாப்பது குத்தட்டும்.”

“எலி சொல்றதுக்கு நாளாகும்ங்க” என்றாள் முத்தாயி.

“உன்ர எலிதானே? வெரசாச் சொல்லச் சொல்லு.”

ஆக, அவர் ஊசி போட்டுக்கொள்வதும் போட்டுக்கொள்ளாததும் முத்தாயியின் எலிக்குட்டிகள் கையில் வந்து நின்றது. சரியான வயதில் இரண்டு தாய்களின் குட்டிகள் இருந்தன. மறுநாளே டாக்டர் ஊசி ஏற்றினார். ஊசி ஏற்றிய எலிகளைத் தனியாக ஒரு சின்ன அறையில் வைப்பது வழக்கம். முத்தாயி அன்றிலிருந்து அந்த அறை வாசலிலேயே இருந்தாள். நான்கு பேர் நடந்தாலும் தாய் மிரளும் என்று நடைபாதையில் சாக்குப் போட்டு வைத்தாள்.

அந்த வாரமே ஆடி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை.

கிருஷ்ணம்மாள் விடியும் முன்பே எழுந்து எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். சேலத்திலிருந்து மல்லிகை வரவழைத்திருந்தாள். கடிபட்ட புருஷனுக்காகப் பெண்டாட்டி ஆடி வெள்ளியில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் பூசி, தலைக்குச் சாம்பிராணி காட்டி, பூ வைத்து மாரியம்மன் முன்னால் நிற்க வேண்டும் என்றாள். அவன் உயிர் இவள் தாலியில்தான் இருக்கிறது என்றாள். அவள் அதை மனப்பூர்வமாக நம்பினாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

“இன்னிக்கு மட்டும் வேண்டாங்க அத்தை. அந்தக் குட்டிக…”

“எல்லாத்துக்கும் எலி! அவன் மூஞ்சியப் பாரு புள்ள. என்னக் கேக்காத, அவனக் கேளு.”

பொன்னுவேல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தாடைக் கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். “அம்மா மனசு நோகுமல்லோ. இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்க கண்ணு” என்றார். அவர் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டது அபூர்வம்.

முத்தாயி போட்டுக்கொண்டாள். கோயிலில் நின்றுவிட்டு நேரே பஸ் ஏறினாள். நிலையத்துக்கு வந்ததும் பூவை எடுத்து வெளியே போட்டாள். குழாயடியில் நின்று, பல் கிட்டுகிற குளிரில் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். முகத்தைச் சாம்பலால் தேய்த்தாள். நான்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.

“வாசம் இருக்குதா அக்கா?”

நான் மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனித மூக்குக்குத் தெரியவில்லை.

அவள் மரத்தூளைக் கழுத்து வரை அள்ளித் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள். கூண்டைத் திறந்ததும் ஒரு தாய் பின்கால்களில் நிமிர்ந்து நின்று மூக்கை ஆட்டியதாம். இன்னொன்று குட்டிகளை மாற்றி மாற்றிக் கவ்வி மூலைக்கு இழுத்ததாம். அவள் உடனே மூடிவிட்டு வெளியே வந்துவிட்டாள். வளர்ப்பு எலிகள் இருந்த பெரிய அறைக்குள் அன்று அவள் போகவே இல்லை. அவளுடைய வேலைச் சேலையைக் கட்டிக்கொண்டு நான் போய்ச் சோறு வைத்தேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தபோது இரண்டு கூண்டிலும் குட்டிகள் இல்லை. ஒரு கூண்டில் ஒரு வால் மட்டும் கிடந்தது. தாய்கள் மீசையைக் கழுவிக்கொண்டிருந்தன.

டாக்டர் தேவசிகாமணி ஏன் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் திட்டவில்லை. கூண்டை மூடிவிட்டு, “நாய் மூளை ஃப்ரீசர்ல இன்னும் இருக்கு. வேற குட்டி பாருங்க” என்றார்.

குட்டி இருந்தது. பெரிய அறையில் அன்று நான் சோறு வைத்தேனே, அங்கே ஒரு தாய்க்கு ஊசி ஏற்றும் வயதில் ஒன்பது குட்டிகள். ஆனால் அது கால்நடைப் பிரிவு கேட்டு வைத்திருந்தது. குப்பனூர்ப் பக்கம் மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண் கண்டிருந்தது. கால்நடைப் பிரிவு அதிகாரி பாக்கியநாதனிடம் டாக்டரே போய்க் கேட்டார். முத்தாயி கதவுக்கு வெளியே நின்றாள், நானும் நின்றேன்.

“ஒரு ஆளோட உயிர் சார்.”

“அந்த ஆளுக்கு ஊசி இருக்கு டாக்டர். போட்டுக்க மாட்டேன்னு உக்காந்திருக்கான். என் மாட்டுக்கு எந்த ஆஸ்பத்திரி இருக்கு? ஒரு ஊர் மாடு பூராவும் போகும். நீங்களே சொல்லுங்க, எதுக்குக் கொடுக்கலாம்?”

டாக்டர் திரும்பி வெளியே வந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் பாக்கியநாதன் கேட்டதிலும் தப்பில்லை. அந்த ஒன்பது குட்டிகளும் மாட்டுக்குப் போயின. அடுத்த ஈற்றுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்குள் வாழவந்தியில் வேறு கணக்குப் போட்டார்கள். முத்தாயி அன்று சாயந்திரம் போய், குட்டிகளைத் தாய் தின்றுவிட்டது, நீங்கள் ஊசிக்குப் போங்கள் என்று அழுதிருக்கிறாள். பொன்னுவேல் கேட்டார்: “தின்ன எலி இப்ப எப்படி இருக்குது?”

“நல்லாத்தான் இருக்குது.”

“ஆருக்கும் நடுக்கம் கிடுக்கம்?”

“இல்லை.”

அவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாராம். “அப்பறம் என்ன? வெசம் ஏறுன குட்டியத் தின்னுட்டு அது நல்லா இருக்குதுன்னா குட்டியில வெசமே இல்லைன்னுதானே அர்த்தம்? எலி சொல்லிப்போட்டுது போ!”

தின்று வயிற்றுக்குள் போவது வேறு, மூளைக்குள் ஏறுவது வேறு என்று முத்தாயி சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டார் எல்லாம் கூடிவிட்டார்கள். விஷமுள்ள குட்டியைத் தாய் மோந்து பார்த்துத் தள்ளிவிடும், தின்னாது. ஆட்டில் பார்த்ததில்லையா, மாட்டில் பார்த்ததில்லையா என்றார்கள். கிருஷ்ணம்மாள் கற்பூரம் கொளுத்தினாள். “நீ பூ வெச்சு நின்ன அன்னிக்கே ஆத்தா பதில் குடுத்துட்டா, பாத்தயா சாமி?” என்று மருமகளின் தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அன்றுதான் அவள் முத்தாயியைக் கொஞ்சியது.

பொன்னுவேல் மறுநாள் வேலைக்குப் போனார். கட்டைப் பிரித்தெறிந்துவிட்டு மரமேறினார். மூக்கனுக்கு எதிரில் நின்று நாய் மாதிரி குரைத்துக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தார்.

முத்தாயி நிறுத்தவில்லை. அடுத்த ஈற்று வந்ததும் டாக்டர் ஊசி ஏற்றினார். இந்த முறை அவள் வீட்டுக்கே போகாமல் எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு வந்தாள். மாமியார் ஆள் அனுப்பித் திட்டினாள், வரவில்லை. கூண்டை விடியலில் ஒருமுறையும் பொழுது சாயும்போது ஒருமுறையும் மட்டும் திறந்து பார்ப்பாள். தாய் தின்னவில்லை. குட்டிகள் பால் குடித்தன. மயிர் முளைக்கத் தொடங்கியது. அது முளைக்க முளைக்க அவள் முகம் தெளிந்தது. அவளுக்கும், நாய் நல்ல நாயாக இருந்துவிடாதா என்றுதானே இருக்கும்.

ஒரு காலை ஒரு குட்டி மட்டும் கூட்டத்தை விட்டு விலகிக் கிடந்தது. தொட்டதும் வளைந்து துள்ளியது. மத்தியானத்துக்குள் நான்கு குட்டிகள் நடுங்கின. டாக்டர் ஒன்றை எடுத்துப் போய் மூளையைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“வெறிநாய்தான். உடனே கூட்டிட்டு வாங்க. ஜீப்பை எடுத்துட்டுப் போங்க.”

ஜீப்பும் பொது. அன்று ஆரஞ்சுப் பிரிவுக்கு முறை; ஆனால் டிரைவர் யாரிடமும் கேட்காமல் எடுத்தான். நானும் ஏறிக்கொண்டேன்.

வாழவந்தியில் வீட்டு வாசலில் கிருஷ்ணம்மாள் வெந்நீர்ச் செம்போடு நின்றாள். “காத்தாலேர்ந்து தொண்டை புடிச்சுக்குச்சுன்னு சொல்றான். காப்பி எறங்க மாட்டேங்குது. காத்து பட்டாலே உதறுறான். சளி நொம்ப இருக்கும்போல” என்றாள்.

முத்தாயி ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எலி நடுங்கிய அதே காலையில் அவருக்கும் தொடங்கிவிட்டது. தொடங்கிவிட்டால் எந்த ஊசியும் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, திருப்பிக் கூட்டிப்போவதானால் போகலாம் என்றார்கள். அந்த மூன்று நாளை நான் விவரமாக எழுதப் போவதில்லை. அறிவு தெளிவாக இருந்தது. தாகம் இருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக வளைந்தது. நடுவில் கொஞ்சம் அடங்கும்போது, “என்னக் கட்டிப் போட்டுருங்க நங்கையா, ஆரையாச்சும் கடிச்சுருவேன்” என்றார். கட்டில் காலில் கட்டினோம். முத்தாயி உள்ளே இருந்தாள். கிருஷ்ணம்மாள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், நனைத்த துணியை மகன் வாயில் வைத்தபடியே இருந்தாள். அவர் துணியையும் விரலையும் சேர்த்துக் கடித்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் போனார்.

டாக்டர் தேவசிகாமணி எரிப்பதற்கு முன்பே வந்துவிட்டார். எச்சில் பட்டவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அம்மாவுக்குக் கடியே பட்டிருக்கிறது, ஒரு நாளும் தள்ளக் கூடாது என்றார். முத்தாயி சரி என்றாள். கிருஷ்ணம்மாள் மாட்டேன் என்றாள்.

“எனக்கெதுக்கு? அவனக் கடிச்சது என்னையும் கடிக்கட்டும்.”

முத்தாயி மாமியார் முன்னால் போய் உட்கார்ந்தாள். தாலி அறுத்த மறுநாள். “அத்தை, நீங்க வந்துதான் ஆகோணும். வரலைன்னா தூக்கிக்கிட்டுப் போவேன்” என்றாள். தூக்கிக்கொண்டு போகிற உடம்பு அவளுக்கு இல்லை. ஆனால் அவள் குரலைக் கேட்டு கிழவி எழுந்து வந்தாள்.

தினமும் இரண்டு பேரும் பஸ்ஸில் வருவார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் படுப்பார்கள். வயிறு வீங்கி, கன்றிப்போய், புடவை கொசுவம் பட்டாலே வலிக்கும். கிருஷ்ணம்மாள் பாதி நாள் கத்துவாள், நர்ஸை உதைப்பாள். முத்தாயி தன் ஊசியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து மாமியாரின் இரண்டு கையையும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். பிறகு பஸ் வரும் வரை அந்தம்மாள் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பாள்: “அந்த எலி நாசமாப் போக. ஒழுங்காச் சொல்லியிருந்தா எம் மவன் ஊசிக்குப் போயிருப்பானே. பொய் சொல்லிருச்சே, அந்த எலி பொய் சொல்லிருச்சே.”

முத்தாயி ஒரு நாளும் பதில் பேசவில்லை. நான் அவளுடைய பொறுமையைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பொறுமை இல்லை அது என்று பிறகுதான் தெரிந்தது. ஊசி முடியட்டும் என்று காத்திருந்தாள். நடுவில் சொன்னால் கிழவி ஊசியை நிறுத்திவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

பதினாலாவது ஊசி அன்று நானும் போயிருந்தேன். பஸ்ஸுக்காக மூன்று பேரும் நின்றோம். கிருஷ்ணம்மாள் வழக்கம்போலத் தொடங்கினாள்.

“அத்தை, எலி பொய் சொல்லலை. சொல்றதுக்கு முன்னால குட்டிகளத் தின்னுருச்சு. ஏன் தின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் முத்தாயி.

“எனக்கென்ன தெரியும்?”

“ஆடி வெள்ளிக்கு நீங்க எனக்குத் தலைக்கு ஊத்தி, சாம்பிராணி காட்டி, மல்லி வெச்சு விட்டீங்களே. அந்த வாசத்துக்குத் தின்னுச்சு. நீங்க அதப் பண்ணாம இருந்திருந்தா ஆடி பாதியில எலி நடுங்கியிருக்கும். அவரு மொதப் பஸ்ஸுல வந்திருப்பாரு.”

“கண்ணு, இப்ப எதுக்கு இதெல்லாம்” என்று நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

“தெரிஞ்சுக்கட்டும் அக்கா. அவங்க நொம்ப நாள் இருப்பாங்க. தெரிஞ்சுக்கிட்டு இருக்கட்டும்.”

கிருஷ்ணம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைல் கல்லின் மேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து முத்தாயியைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமல்லோ? தெரிஞ்சுதானே உள்ள போன?”

முத்தாயியின் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“தெரிஞ்சுதான் போனேன்” என்றாள். “கழுவிட்டா போயிரும்னு நெனச்சேன்.”

“அக்காவை அனுப்பியிருக்கலாமல்லோ. வேற ஆளை அனுப்பியிருக்கலாமல்லோ.”

“அனுப்பியிருக்கலாம்.”

“அன்னிக்குக் காத்தால, மாட்டேன்னு ஒரே பிடியா நின்னிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? கையக் காலக் கட்டியா ஊத்தியிருப்பேன்?”

முத்தாயி மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, “எனக்கும் ஆசையா இருந்துச்சு அத்தை. அவரு கண்ணுன்னு கூப்பிட்டாரு” என்றாள்.

பஸ் வந்தது. ஏறினார்கள். இடம் இருந்தும் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் கீழே நின்றுவிட்டேன்.

முத்தாயி தொண்ணூற்று மூன்றில் நிலையத்தை மூடுகிற வரைக்கும் எலி அறையில் இருந்தாள். அவள் வளர்த்த குட்டிகளால் பின்னாளில் நாய் கடித்த எத்தனையோ பேர் தக்க நேரத்தில் ஊசிக்குப் போனார்கள். அவர்களில் குழந்தைகள் நிறைய. மைக்ராஸ்கோப்புக்குப் புது விளக்கு அந்த வருடம் புரட்டாசியில் வந்தது. மூன்று பிரிவும் பங்கு போட்டு வாங்கின.

திரும்பவும் கரடியூருக்கே வந்துவிடு, அந்த வீட்டில் உனக்கு என்ன இருக்கிறது என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். அவள் வரவில்லை. கிருஷ்ணம்மாளும் அவளைப் போகச் சொல்லவில்லை. தன் அண்ணன் மகன் வந்து கூப்பிட்டபோது அவளும் போகவில்லை. மாமியாருக்குச் சோறாக்கி வைத்துவிட்டுத்தான் முத்தாயி பஸ் ஏறுவாள். வேறு யார் கையால் கொடுத்தாலும் கிருஷ்ணம்மாள் சாப்பிட மாட்டாள். அந்த வீட்டுக்குள் இரண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை. கிருஷ்ணம்மாள் பத்து வருடத்துக்கு மேல் இருந்தாள், கண் தெரியாமல் போன பிறகும் இருந்தாள். முத்தாயிதான் குளிப்பாட்டினாள், முத்தாயிதான் கொள்ளி வைக்க ஆள் தேடினாள்.

மாமியாரும் மருமகளும் என்றால் அப்படி இருக்க வேண்டும், பெற்ற தாயும் மகளும்கூட இப்படி ஒட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள் என்று வாழவந்தியில் இன்றைக்கும் சொல்வார்கள். என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை.